திகதியைப் பாருங்கள்



சென்ற வாரம் எனக்குத் தெரிந்த ஓர் ஆசிரியை தனது இடமாற்றக் கடிதத்தைக் கொண்டுவந்து காட்டினார். உடையைக் காரணமாக வைத்துத்தான் மாற்றினார்கள் என்பது அவருடைய முறைப்பாடு. நான் முதலில் திகதியைப் பார்த்தேன். ஐந்து மாதங்கள் கடந்திருந்தன. "பெரியாக்கள் பேசித் தீர்ப்பாங்கன்டு இருந்தன் ஸேர்" என்றார்.

அன்றிரவு கோடீஸ்வரன் வழக்குதான் நினைவுக்கு வந்தது.

1956இல் தனிச் சிங்களச் சட்டம் வந்தது. 1961இல் வந்த திறைசேரிச் சுற்றுநிருபம், சிங்களப் பரீட்சையில் தேறாத அரச ஊழியருக்குச் சம்பள ஏற்றம் இல்லை என்றது. அரச எழுதுவினைஞர் சேவையில் இருந்த கோடீஸ்வரன் பரீட்சைக்குத் தோற்றவில்லை. 1962இல் அவரது ஏற்றம் நிறுத்தப்பட்டது. இந்தச் சட்டம் சோல்பரி அரசியலமைப்பின் 29ஆம் பிரிவுக்கு முரண் என்று அவர் வழக்குத் தொடர்ந்தார்.

1964இல் கொழும்பு மாவட்ட நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. அரசு மேன்முறையீடு செய்தது. 1967இல் உயர் நீதிமன்றம் மொழிப் பிரச்சினையைத் தொடவேயில்லை. அரச ஊழியர் சம்பளத்துக்காக முடிக்கு எதிராக வழக்குப் போட முடியாது என்று சொல்லி, வழக்கை வாசலிலேயே நிறுத்திவிட்டது. அவர் லண்டன் கோமறைக் கழகம் வரை போனார். 1969இல் அங்கே, "வழக்குப் போடலாம்" என்று தீர்ப்பு வந்தது. ஆனால் சட்டம் செல்லுமா என்ற கேள்வி மீண்டும் இங்கேயே அனுப்பப்பட்டது. 1971இல் கோமறைக் கழகத்துக்கான மேன்முறையீடு ஒழிந்தது. 1972 அரசியலமைப்போடு 29ஆம் பிரிவும் போனது. அந்தக் கேள்விக்கு இறுதிவரை தீர்ப்பே இல்லை.

அவர் நியாயத்தில் தோற்கவில்லை. நடைமுறைதான் அவரை மறித்தது.

இன்று நமக்கு அந்த வாசல் திறந்திருக்கிறது. ஆனால் அது சிறியது. 1978 அரசியலமைப்பின் 126ஆம் உறுப்புரைப்படி, அரச நிர்வாகம் பாரபட்சம் காட்டினால் உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை மனு போடலாம். அதற்குத் தவணை ஒரு மாதம். அதுவும் கொழும்பில்தான்.

1996ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டம் மனித உரிமைகள் ஆணைக்குழுவை உருவாக்கியது. அதன் 13ஆம் பிரிவு ஒரு சலுகை தருகிறது. ஒரு மாதத்துக்குள் ஆணைக்குழுவில் முறையிட்டால், அங்கே விசாரணை நடக்கும் காலம் அந்த ஒரு மாதக் கணக்கில் சேராது. இதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். முறைப்பாட்டைக் கொடுத்துவிட்டுச் சும்மா இருந்தால் போதாது, விசாரணை உண்மையில் நடந்ததைக் காட்ட வேண்டும் என்று உயர் நீதிமன்றம் பல தீர்ப்புகளில் சொல்லியிருக்கிறது. ஆணைக்குழு நமக்குச் சார்பாக முடிவெடுத்தாலும் அது பரிந்துரைதான். திணைக்களம் கேட்காவிட்டால், ஆணைக்குழு ஜனாதிபதிக்கு அறிக்கை அனுப்ப வேண்டும். அவர் அதைப் பாராளுமன்றத்தில் சமர்ப்பிக்கச் செய்ய வேண்டும். அவ்வளவுதான்.

ஊர்ப் பெரியவர்கள் பேசட்டும், பள்ளி நிர்வாகம் பேசட்டும். அது நல்லதுதான். ஆனால் அந்தப் பேச்சுவார்த்தைக்காக ஒரு மாதக் கணக்கு நிற்காது.

ஆகவே, கடிதம் கிடைத்த அன்றே திகதியைக் குறித்து வையுங்கள். ஒரு மாதத்துக்குள் எழுத்தில் முறையிடுங்கள். முறைப்பாட்டு இலக்கத்தையும், விசாரணைக்கு அழைத்த ஒவ்வொரு கடிதத்தையும் கோவையில் போடுங்கள். தாமதிக்காமல் ஒரு சட்டத்தரணியைச் சந்தியுங்கள்.

அந்தச் சகோதரிக்கு நான் சொல்ல முடிந்தது மிகக் குறைவு. அடுத்தவருக்காவது நேரத்தோடு போய்ச் சேரட்டும் என்றுதான் இதை எழுதினேன். தெரிந்தவர்களுக்கு எத்தி வையுங்கள்.