உள்ளேன் ஐயா: வருகைப் பதிவேட்டில் நம்ம பேர்

படிப்பைப் பாதியில் விட்டவர்களுக்கு அரசாங்கம் வைத்திருக்கும் பேர் 'இடைநின்றவர்'. இந்தச் சொல்லில் நின்றவன் மட்டும்தான் தெரிகிறான், நிறுத்தியவன் தெரிவதில்லை. எங்க தெருவில் யாரும் அப்படிச் சொல்வதில்லை. 'பேரை அடிச்சிட்டாங்க' என்பாங்க. அடிச்சது யாரு, எந்த விதியை வச்சு அடிச்சாங்க என்று கேட்கிற இடத்திலிருந்துதான் நம்ம கல்வி வரலாற்றை எழுத வேண்டியிருக்கு.

ஒரு பேரை அடிக்கணும்னா முதலில் அதை எழுதியிருக்கணும். எழுதவே பல தலைமுறை ஆச்சு. பஞ்சமர் கல்விக்கென்று சென்னை மாகாண அரசு தனி ஆணை போட்டது 1893இல். அடையாற்றில் ஆல்காட்டின் பஞ்சமர் இலவசப் பள்ளி தொடங்கியது 1894இல். பொதுப் பள்ளிகளோ அக்ரகாரத்திலும் கோயிலடியிலும் சாவடியிலும் நடந்தன. அந்தத் தெருவில் நடக்கவே உரிமை இல்லாத பிள்ளை வகுப்பில் எப்படி உட்காரும்? நம்ம பிள்ளைகளைச் சேர்க்க மறுக்கும் பள்ளிக்கு மானியம் கிடையாது என்று 1923இல் நீதிக்கட்சி அரசு உத்தரவு போட வேண்டியிருந்தது. வாத்தியார் பேர் கூப்பிட, 'உள்ளேன் ஐயா' என்று குரல் கொடுப்பது மற்றவர்களுக்கு ஒரு வழக்கம். நமக்கு அது போராடி வாங்கிய சொல்.

பேர் ஏறிய பிறகு அடுத்த சிக்கல் வயிறு. 1920இல் சென்னை ஆயிரம் விளக்கு மாநகராட்சிப் பள்ளியில் பிள்ளைக்கு ஒரு நாளைக்கு ஓரணாவுக்கு மிகாமல் செலவு செய்து பகல் சோறு போட்டாங்க. பிள்ளைங்க வந்தாங்க. 1925இல் காலனி அரசு அந்தச் செலவுக்கு ஒப்பவில்லை. சோறு நின்றது, வருகையும் குறைந்தது. பிள்ளை வராததற்குப் பிள்ளையின் சோம்பல் காரணமில்லை என்பது நூறு வருசத்துக்கு முன்னாடியே தெரிந்துபோன விசயம். 1956இல் காமராசர் மாநில அளவில் மதிய உணவைத் தொடங்கியதும் இதைத் தெரிந்துதான்.

இடையில் 1953. கிராமத் தொடக்கப் பள்ளிப் பிள்ளை மூன்று மணி நேரம் படித்தால் போதும், மீதி நேரம் அப்பன் தொழிலைப் பழகட்டும் என்று ராஜாஜி திட்டம் கொண்டுவந்தார். குலக்கல்வித் திட்டம் என்று மக்கள் பேர் வைத்தாங்க. எங்க அப்பன் தொழில் என்ன? பண்ணையடிமை வேலை, பறையடிப்பது, செத்த மாட்டைத் தூக்குவது. அதையா அரைநாள் பழகணும்? எதிர்ப்பு கிளம்பி, 1954இல் திட்டம் கைவிடப்பட்டது. அந்த அரைநாள் சட்டத்திலிருந்து போச்சு, வயலிலிருந்து போகவில்லை.

அதைக் கல்லூரியில்தான் பார்த்தேன். தொண்ணூறுகளின் தொடக்கத்தில், பேர் சொல்ல விரும்பாத ஒரு கல்லூரியில் பி.ஏ. படித்தேன். 75 சதவீத வருகை இருந்தால்தான் பரீட்சை எழுத முடியும். ஒரு பருவத்துக்கு 90 நாள் என்றால் 22 நாள்தான் வராமல் இருக்கலாம். தை அறுவடையே அந்த நாட்களைத் தின்றுவிடும். ஸ்காலர்ஷிப் பணம் வருசக் கடைசியில் வரும், பஸ் காசும் சோத்துக் காசும் தினம் வேணும். கூலிக்குப் போனால்தான் கல்லூரிக்கு வர முடியும், கூலிக்குப் போனால் வருகை போயிடும். என்னோடு படித்த எங்க காலனிப் பையன் ஒருவனுக்கு இப்படித்தான் வருகை குறைந்தது. காய்ச்சல் என்று டாக்டர் சான்றிதழ் கொடுத்தால் அபராதம் கட்டிப் பரீட்சை எழுதலாம் என்றாங்க. விளையாட்டுக்கும் என்.சி.சி. முகாமுக்கும் போனவர்களுக்கு வருகை உண்டு. கதிர் அறுத்ததற்குச் சான்றிதழ் கொடுக்கிற டாக்டர் எங்க ஊரில் யாரு? அவன் பேர் மேல் சிவப்பு மையில் ஒரு கோடு விழுந்தது. ஏன் வரலை என்று எழுத அந்தப் பதிவேட்டில் கட்டமே இல்லை.

விதி என்றால் இப்படித்தான் இருக்கும் என்று சிலர் சொல்லலாம். அம்பேத்கர் அப்படி நினைக்கவில்லை. 1945இல் மக்கள் கல்விக் கழகத்தைத் தொடங்கி, 1946இல் பம்பாயில் சித்தார்த்தா கல்லூரியைத் திறந்தார். வேலைக்குப் போகிறவர்களும் படிக்கட்டும் என்று அங்கே காலை வேளையில் வகுப்பு வைத்தாங்க. உழைக்கிறவனுடைய நேரத்துக்கு மணியடித்த கல்லூரி அது. வகுப்புக்கு வரணும் என்பதை அவரும் விட்டுக்கொடுக்கவில்லை. வரக்கூடிய நேரத்தில் வகுப்பை வைத்தார், அவ்வளவுதான்.

1995இல் புதுச்சேரியிலும் 1996இல் சென்னையிலும் சமுதாயக் கல்லூரிகள் வந்தன. படிப்பை விட்டவர்களுக்குக் கைத்தொழிலும் வேலையும் தருவது அவற்றின் நோக்கம். வரவேற்கலாம். ஆனால் வெளியே தள்ளப்பட்டவனுக்கு வேறொரு வாசல் திறந்துவிட்டோம் என்று, அவனைத் தள்ளிய முதல் வாசலின் விதியைக் கேட்காமல் விட்டுவிடக் கூடாது.

வருகையே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வாத்தியார் முன்னால் உட்காரும் உரிமைக்குச் சண்டை போட்டவங்க நாம. நாம் கேட்பது இதுதான்: உதவித்தொகையைப் பருவத் தொடக்கத்திலேயே கொடு. கூலி வேலையையும் காய்ச்சலைப் போல ஒரு காரணமாக ஏற்றுக்கொள். பேரை அடிக்கும் முன்னால் ஆளைக் கூப்பிட்டு ஏன் வரலைன்னு கேள், அவன் சொல்வதைப் பதிவேட்டில் எழுது. அடிபட்ட பேர்களை நாமும் ஊர் ஊராக எழுதி வைப்போம். மாணவத் தோழர்கள் தங்கள் வகுப்பிலிருந்தே தொடங்கலாம்.