37 சொற்களில் பிறந்த முன்கள வீராங்கனை

2020 ஜனவரி 16. அமெரிக்காவின் பால்டிமோர் நகரம். அன்று மகளிர் கால்பந்து லீகின் 'டிராஃப்ட்'. கல்லூரிகளில் ஆடும் பெண்களைத் தொழில்முறை அணிகள் முறை வைத்துத் தேர்ந்தெடுக்கும் நாள். முந்தைய ஆண்டு கடைசி இடத்துக்கு வந்த ஆர்லாண்டோ அணியிடம்தான் முதல் வாய்ப்பு இருந்தது. அந்த வாய்ப்பைப் பெறுவதற்காக, உலகக் கோப்பை வென்ற தடுப்பாட்டக்காரர் எமிலி சானெட்டையே போர்ட்லாந்து தார்ன்ஸ் விட்டுக்கொடுத்தது. நான்கு ஆண்டுகளுக்கு முன்பு அதே போர்ட்லாந்து முதல் ஆளாகத் தேர்ந்தெடுத்தவர்தான் சானெட். அவரைக் கொடுத்து அவர்கள் வாங்கியது, ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் இரண்டே ஆண்டுகள் ஆடியிருந்த 19 வயது சோஃபியா ஸ்மித்தை. அதுவரை அந்த டிராஃப்ட்டில் பதின்வயதுப் பெண் எவரும் தேர்வானதில்லை.

சோஃபியா பிறந்தது 2000 ஆகஸ்ட் 10-இல். அவரைப் போன்ற ஒரு முன்கள வீராங்கனை பிறக்கும் கதையோ அதற்கு 28 ஆண்டுகள் முன்பே தொடங்கிவிட்டது.

1972 ஜூன் 23 அன்று அதிபர் நிக்சன் ஒரு கல்விச் சட்டத்தில் கையெழுத்திட்டார். அதில் 'டைட்டில் நைன்' எனப்படும் பகுதியின் மையம் ஆங்கிலத்தில் வெறும் 37 சொற்கள். அரசுப் பணம் பெறும் எந்தக் கல்வித் திட்டத்திலும் பால் அடிப்படையில் எவரையும் ஒதுக்கக் கூடாது என்பதே அதன் சாரம். அந்தச் சொற்களில் விளையாட்டு என்ற பேச்சே கிடையாது. அந்தச் சட்டத்துக்காகப் பாடுபட்டவர்களில் ஒருவர் ஹவாயின் பேட்ஸி மிங்க். மருத்துவம் படிக்க விரும்பி, பெண் என்பதால் கல்லூரிக் கதவுகள் அடைக்கப்பட்டவர். தன் முகத்தில் அறைந்து சாத்தப்பட்ட கதவை அடுத்த தலைமுறைக்காகத் திறந்துவைத்தார்.

அந்தக் கதவு வழியே விளையாட்டும் உள்ளே வந்தது. ஆண்களுக்கு விளையாட்டு உதவித்தொகை தரும் கல்லூரி, பெண்களுக்கும் தந்தாக வேண்டும். அமெரிக்கக் கல்லூரிகளில் ஆண்களின் அமெரிக்கன் ஃபுட்பால் அணி ஒன்றே ஏராளமான உதவித்தொகைகளை விழுங்கிவிடும். அதற்கு ஈடுகட்ட, பெண்களுக்கு ஆள் நிறைய தேவைப்படும், செலவு குறைந்த விளையாட்டு ஒன்று வேண்டியிருந்தது. கால்பந்துக்கு மைதானம், பந்து, இருபதுக்கும் மேற்பட்ட பெண்கள் போதும். கல்லூரிகள் மளமளவென்று மகளிர் அணிகளைத் தொடங்கின. இன்றும் நடக்கும் தேசியக் கல்லூரிப் போட்டி 1982-இல் பிறந்தது. முதல் கோப்பையை நார்த் கரோலினா வென்றது.

பாதை பாதிதான் போட்டிருந்தது. அதன் வலியை அறிய மியா ஹாமைப் பார்த்தால் போதும். அந்தச் சட்டம் வருவதற்கு மூன்று மாதம் முன்பு, 1972 மார்ச்சில் பிறந்தவர். நார்த் கரோலினாவுக்காக நான்கு தேசியக் கோப்பைகளை வென்றவர். கல்லூரி ஆட்டம் 1993-இல் முடிந்தபோது, அவர் போய்ச் சேர நாட்டில் ஒரு தொழில்முறை மகளிர் லீக் இல்லை. தேசிய அணி ஒன்றுதான் கதி. 1999 உலகக் கோப்பை இறுதியாட்டத்தை ரோஸ் பவுல் மைதானத்தில் 90,185 பேர் நேரில் கண்ட பிறகே, 2001-இல் முதல் லீக் வந்தது. மூன்றே பருவங்களில் மூடப்பட்டது. 2009-இல் தொடங்கிய இரண்டாவதும் மூன்று பருவங்களைத் தாண்டவில்லை. 2013-இல் எட்டு அணிகளோடு வந்த மூன்றாவது லீக்தான் நிலைத்தது. அப்போது சோஃபியாவுக்கு 12 வயது. பாதை போட்டு முடிந்த வேளையில் நடக்கத் தயாராக வந்து நின்ற பிள்ளை அவர்.

கொலராடோ மாநிலத்தின் வின்ட்ஸர் என்ற சிற்றூர்தான் சொந்த ஊர். அப்பா கல்லூரியில் கூடைப்பந்து ஆடியவர். அக்காக்களும் கூடைப்பந்துக்காரர்கள். இவர் ஒருவர்தான் பந்தைக் காலுக்குக் கொண்டுவந்தார். நல்ல பயிற்சிக்காக, டென்வர் பக்கம் இருந்த ரியல் கொலராடோ கிளப்புக்கு வெகுதூரம் காரில் போய்வர வேண்டும். அந்த அலைச்சலின் கூலி ஸ்டான்ஃபோர்டில் கிடைத்தது, ஆனால் உடனே அல்ல. முதல் ஆண்டிலேயே கணுக்கால் எலும்பு முறிந்து பருவம் பாதியில் நின்றது. இரண்டாம் ஆண்டு அரையிறுதியில், யுசிஎல்ஏ அணிக்கு எதிராகத் தனியாளாக மூன்று கோல். இறுதியாட்டத்தில் நார்த் கரோலினாவைப் பெனால்டியில் வென்று கோப்பை. அடுத்த மாதமே பால்டிமோர்.

2022-இல் 14 கோல் அடித்து, லீகின் மிகச் சிறந்த வீராங்கனை விருதை 22 வயதிலேயே வாங்கினார். அவ்வளவு இளம் வயதில் அதை வாங்கியவர் அதற்கு முன் இல்லை. அந்தத் தகுதி இவருக்கு உண்டா என்று கேட்டவர்களும் இருந்தார்கள். சில நாட்களில் கன்சாஸ் சிட்டிக்கு எதிரான இறுதியாட்டம். நான்காவது நிமிடத்தில் தடுப்பு வரிசையைத் தாண்டி ஓடி, முன்னால் வந்த கோல்கீப்பரைச் சுற்றிக் கடந்து, காலியான கோலுக்குள் பந்தைத் தள்ளினார். பிறகு இரு கைகளையும் விரித்துத் தோளை ஒருமுறை உயர்த்திக் காட்டினார். பதில் அவ்வளவுதான்.

ஏற்றத்துக்கு நடுவே ஒரு சறுக்கலும் உண்டு. 2023 ஆகஸ்ட் 6, மெல்போர்ன். உலகக் கோப்பையில் ஸ்வீடனுடன் பெனால்டி. இவர் அடித்தால் அமெரிக்கா அடுத்த சுற்றுக்குப் போகும். பந்து வெளியே போயிற்று, அணியும் வெளியேறியது. சரியாக ஓராண்டு கழித்து, 2024 ஆகஸ்ட் 6, லியோன். ஒலிம்பிக் அரையிறுதியின் கூடுதல் நேரத்தில், ஜெர்மனிக்கு எதிரான ஒரே கோலை இவரே அடித்தார்.

பாரிஸில் பிரேசிலுடன் நடந்த இறுதியாட்டம் ஆகஸ்ட் 10-இல். இவருடைய 24-ஆவது பிறந்த நாள். கார்பின் ஆல்பர்ட் முன்னே அனுப்பிய பந்தை நோக்கி ஓடத் தொடங்கிய சோஃபியா, தான் ஆஃப்சைடு இடத்தில் இருந்ததால் பந்தைத் தொடாமல் விட்டு நின்றுவிட்டார். பின்னாலிருந்து ஓடிவந்த மேலரி ஸ்வான்சன் அதை எடுத்துக்கொண்டு போய்க் கோல் போட்டார். தங்கம் கிடைத்தது. ஸ்வான்சனும் அதே ரியல் கொலராடோ கிளப்பில் வளர்ந்தவர். யுசிஎல்ஏவில் சேர்ந்து, அதிகாரபூர்வ ஆட்டம் ஒன்றுகூட ஆடாமல் 2017-இல் நேரே தொழில்முறைக்கு வந்தவர். ஒருவர் கல்லூரி வழி, இன்னொருவர் குறுக்கு வழி. இரண்டும் அந்த ஒரு கோலில் வந்து சேர்ந்தன.

அதே மாதம் லீகும் வீராங்கனைகள் சங்கமும் செய்த ஒப்பந்தத்தில் டிராஃப்ட் முறை ஒழிந்தது. எந்த அணிக்கு ஆடுவது என்பதை இனி அந்தப் பெண்களே முடிவு செய்வார்கள். திருமணத்துக்குப் பின் சோஃபியா வில்சன் என்று அழைக்கப்படும் இவரே, அந்த முறையில் முதல் ஆளாக அழைக்கப்பட்ட கடைசிச் சிலரில் ஒருவர்.

திறமை என்றும் இருந்தது, பாதைதான் இல்லாமலிருந்தது. சட்டம் வந்த ஆண்டில் அமெரிக்க உயர்நிலைப் பள்ளிகளில் விளையாடிய பெண்கள் மூன்று லட்சத்துக்கும் குறைவு. சோஃபியா ஸ்டான்ஃபோர்டில் சேர்ந்த கல்வியாண்டில், 2018–19-இல், அந்த எண்ணிக்கை 34 லட்சம்.