அமுக்கித் திருகும் மூடி பிறந்த கதை

கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில், விண்ட்சர் நகரத்து ஹோட்டல் டியூ மருத்துவமனையில் குழந்தைகள் பிரிவுக்குத் தலைவராக இருந்தவர் டாக்டர் ஹென்றி ப்ரோ. 1957-ல் நச்சு சிகிச்சை மையத்தின் பொறுப்பும் அவரிடம் வந்தது. அங்கே தூக்கிவரப்பட்ட பிள்ளைகளில் பலர் ஆஸ்பிரின் விழுங்கியவர்கள்.

அதற்குக் காரணம் இருந்தது. ஆரஞ்சுச் சுவையூட்டிய குழந்தைகள் ஆஸ்பிரின் 1940-களின் பிற்பகுதியில் விற்பனைக்கு வந்திருந்தது. அழவைக்காமல் மருந்து கொடுக்க முடிகிறதே என்று அம்மாக்களுக்கு நிம்மதி. இரண்டு வயதுப் பிள்ளைக்கோ அது ஒரு பாட்டில் நிறைய மிட்டாய். அளவு மீறினால் வாந்தி, மூச்சிரைப்பு, வலிப்பு என்று போய் உயிருக்கே ஆபத்தாகும். அந்நாளில் திமிறும் குழந்தையைப் பிடித்துக்கொண்டு, வாய்வழியே குழாயை இறக்கி வயிற்றைக் கழுவுவார்கள்.

மருந்தை எட்டாத இடத்தில் வையுங்கள் என்று பெற்றோருக்குச் சொல்லிப் பார்த்தார்கள். பெரிய பலனில்லை. ஒருநாள் பின்னிரவு மூன்று மணிக்கு வீடு திரும்பிய ப்ரோ, பிள்ளைகளின் வயிற்றைக் கழுவிக் கழுவி அலுத்துவிட்டது, இதற்கு ஏதாவது செய்தே தீர வேண்டும் என்று மனைவியிடம் சொன்னாராம். கவனக்குறைவான தாய்மார்கள் என்று பழி போட்டுவிட்டு அவர் தூங்கப் போயிருக்கலாம். அப்படிச் செய்யாமல் பாட்டிலைக் குற்றவாளியாகப் பார்த்தாரே, அதற்காகவே அவரைக் கும்பிடலாம்.

விண்ட்சர் ஒரு கார்த் தொழில் நகரம். ஆற்றுக்கு அக்கரையில் டெட்ராய்ட். வார்ப்பு அச்சுகள் செய்யும் பட்டறைகளுக்குப் பஞ்சமில்லை. அப்படியொரு நிறுவனத்தை நடத்திய பீட்டர் ஹெட்ஜ்விக், டாக்டரின் வேண்டுகோளை ஏற்று 1967-ல் ‘பாம் அண்ட் டர்ன்’ என்ற மூடியை வடிவமைத்தார். உள்ளங்கையால் அமுக்கியபடியே திருக வேண்டும். சின்னப் பிள்ளைக்கு அமுக்கத் தெரியும், திருகவும் தெரியும். இரண்டையும் ஒரே நேரத்தில் செய்வதுதான் கைவராது. இப்போது பரவலாக இருக்கும் வகையில் மூடிக்குள் இன்னொரு மூடி உண்டு. அமுக்காமல் திருகினால் வெளிமூடி மட்டும் ‘டக் டக்’ என்று சுற்றும். அமுக்கினால்தான் பற்கள் உள்மூடியைக் கவ்வும்.

இந்த மூடி வந்த பிறகு விண்ட்சர் பகுதியில் குழந்தைகள் மருந்து விழுங்கும் சம்பவங்கள் 91 சதவீதம் குறைந்தன. 1974-ல் ஒன்டாரியோ இத்தகைய மூடிகளைச் சட்டப்படி கட்டாயமாக்கியது. அமெரிக்கா 1970-லேயே சட்டம் இயற்றியிருந்தது.

அமெரிக்காவில் இந்த மூடிகளைச் சோதிக்கும் முறை சுவையானது. மூன்றரை முதல் நாலேகால் வயதுப் பிள்ளைகளிடம் பாட்டிலைக் கொடுத்து ஐந்து நிமிடம் விடுவார்கள். பிறகு திறந்து காட்டி, பல்லாலும் கடிக்கலாம் என்று சொல்லி இன்னொரு ஐந்து நிமிடம். அதற்குப் பிறகும் நூற்றுக்கு எண்பது பேராவது திறக்க முடியாமல் இருந்தால்தான் மூடி தேறும். அதே மூடியை 50 முதல் 70 வயதுக்காரர்கள் திறக்கவும் வேண்டும்.

அதாவது, தேறிய மூடியையே நூற்றில் இருபது பிள்ளைகள் வரை திறந்துவிடலாம். மூடி நமக்குக் கொஞ்சம் நேரம் வாங்கித் தருகிறது, அவ்வளவே. நம் ஊரில் பல சிரப் பாட்டில்களுக்கும் பினாயில் பாட்டில்களுக்கும் அந்த மூடிகூட இல்லை. மருந்து வாங்கும்போது அமுக்கித் திருகும் மூடி இருக்கிறதா என்று கேளுங்கள். எப்படிப்பட்ட மூடியானாலும் இறுகத் திருகி, உயரத்தில் வைத்துப் பூட்டுங்கள். மருந்தை மிட்டாய் என்று சொல்லி மட்டும் ஊட்டாதீர்கள்.