வாளின் நீரோட்டம்

கலீஃபா முஅதஸிம் (ஆட்சி: 833–842) அவர்களுக்காக அறிஞர் அல்-கிந்தி, வாள்களின் வகைகளை விளக்கும் ‘ரிஸாலா’ ஒன்றை இயற்றினார். அதில் அவர் நுணுகி ஆராய்வது, அலகின்மீது நீரலைபோல் நெளியும் ‘ஃபிரிந்த்’ எனும் வரிகளை.

இவ்வரிகள் தீட்டப்பட்டவை அல்ல. பாரசீகக் கைவினைஞர், மெருகிட்ட அலகில் ‘ஸாஜ்’ எனப்பட்ட அன்னபேதியின் கரைசலைப் பூசினர். அது எஃகின் மென்பகுதியை அரித்துக் கருமையாக்கும். கரிமம் செறிந்த கடினப் படிவுகள் வெண்மையாய் எஞ்சும். மூசையில் உருகிய எஃகு மெல்ல ஆறியபோதும், பின்னர் சம்மட்டியடியிலும் அமைந்தவை அப்படிவுகள். ஆகவே இப்பூச்சு ஒப்பனை மட்டுமன்று, சோதனையுமாகும். உள்ளே இல்லாத வரியை அது வெளியே காட்டாது.

ஸரந்தீப் வாள்களையும் அல்-கிந்தி குறிப்பிடுகிறார். தென்னிந்திய எஃகுக் கட்டிகளும் மேற்கே சென்றன. புகழ்ப்பெயர் டமாஸ்கஸுக்கு வாய்த்தது. அவ்வெஃகை உருக்கிய பெயரறியாக் கொல்லர்களையும் வரலாறு நினைவுகூர வேண்டாமா?