விதவையின் தேவைப் பட்டியலும் வங்கியின் தேவைப் பட்டியலும்

தமிழகத்தில் ஒற்றி என்பது பழகிய சொல். கடன் கொடுத்தவர் வீட்டை அனுபவிப்பார்; கடன் வாங்கியவர் வெளியேறுவார். 2007ஆம் ஆண்டு இந்தியாவில் நெறிப்படுத்தப்பட்ட தலைகீழ் அடமானம் இதற்கு நேர்மாறானது. அறுபது வயது நிறைந்தவர் தம் வீட்டை வங்கிக்கு ஈடாக வைத்து, அதே வீட்டில் வாழ்ந்தபடி மாதந்தோறும் பணம் பெறுவார். அவரும் துணைவரும் மறைந்தபின் வாரிசுகள் கடனைத் தீர்த்து வீட்டை மீட்கலாம். இல்லையேல் வங்கி அதை விற்று எஞ்சியதை அவர்களிடம் ஒப்படைக்கும்.

அப்பணத்தை எதற்குச் செலவிடலாம் என்பதைத் தேசிய வீட்டுவசதி வங்கியின் நெறிமுறை வரையறுத்தது. வீட்டைப் பழுதுபார்த்தல், மருத்துவம், குடும்பப் பராமரிப்பு, ஓய்வூதியப் பற்றாக்குறையை ஈடுகட்டல், அவ்வீட்டின் மீதுள்ள பழைய கடனை அடைத்தல், பிற நியாயமான தேவைகள் ஆகியவற்றுக்குத் தடையில்லை. ஊக வணிகமும் வியாபாரமும் கூடா.

வீட்டைக் காட்டிப் பெறும் பணத்துக்கு இத்தகைய பட்டியல் வங்காளத்துக்குப் புதிதன்று. சீமூதவாகனரின் தாயபாகம் அங்கு வாரிசுரிமையை ஆண்டது. 1810இல் கோல்புரூக் அதை மிதாட்சரத்தின் தாயப்பகுதியோடு ஒரே நூலாக மொழிபெயர்த்துக் கல்கத்தாவில் வெளியிட்டார். தாயபாகத்தின்படி, ஆண் வாரிசின்றி இறந்தவரின் பங்கு, கூட்டுக் குடும்பத்திலும் அவர் விதவையைச் சேரும். ஆனால் அவள் அதை அனுபவிக்கலாமேயன்றி விரும்பியவாறு விற்கவோ அடகு வைக்கவோ இயலாது. கணவனின் கடன், ஈமச் சடங்கு, தன் பராமரிப்பு போன்ற ‘சட்டத் தேவை’ இருந்தால் மட்டுமே அது செல்லும். அடகு பிடிப்பவர் தேவை உண்மையா என விசாரித்தறிய வேண்டும் என்பது நீதிமன்ற நெறி. அடுத்த வாரிசுகள் வழக்குத் தொடுப்பர் என்ற அச்சத்தில் அவளுக்குக் கடன் கொடுக்கவே பலர் தயங்கினர். 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 14ஆம் பிரிவே அவளை முழு உரிமையாளர் ஆக்கியது.

இரு பட்டியல்களும் தோற்றத்தில் ஒத்தவை, நோக்கத்தில் வேறானவை. பழையது வருங்கால வாரிசுக்காக வீட்டைக் காத்தது. புதியது, வீட்டின் மதிப்பு வீட்டுக்காரரின் முதுமைக்கே பயன்படட்டும் என்கிறது.

ஆயினும் தெற்குக் கொல்கத்தாவின் டாக்குரியா போன்ற இடங்களில் இந்த மாற்றம் எளிதில் வாய்ப்பதில்லை. 1920களில் கல்கத்தா மேம்பாட்டு அறக்கட்டளை ஏரி வெட்டியபின் வளர்ந்த பகுதி இது. 1947க்குப் பின் கிழக்கு வங்கத்திலிருந்து வந்தோர் இச்சுற்றுவட்டாரத்தில் பெருமளவில் குடியேறினர். தந்தை கட்டிய வீடு இன்று அவருடைய மனைவிக்கும் மக்களுக்கும் பிரிக்கப்படாத பொதுச்சொத்தாகிறது. திட்டமோ சுயமாகச் சம்பாதித்த, வில்லங்கமற்ற வீட்டைக் கேட்கிறது. ஆகவே பழைய வீடுகள் ‘புரமோட்டர்’ எனப்படும் கட்டுநரின் கைக்குப் போகின்றன. பழைய உரிமையாளர்களுக்குப் புதிய அடுக்குமாடியில் பங்கும் பணமும் கிடைக்கின்றன. அப்பணத்தைச் செலவிட எந்தப் பட்டியலும் இல்லை. ஆனால் வாழ்ந்த வீடு இல்லை.

1956 விதவைக்கு உரிமையை முழுமையாக்கியது. அவள் பங்கை மக்களோடு சமமாகவும் ஆக்கியது. ஆகவே கணவனின் மறைவுக்குப் பின் அவ்வீடு முழுவதும் அவளைக் காக்க, அவள் மக்களின் கையெழுத்துக்குக் காத்திருக்க நேரலாம்.