நெகட்டிவ் இலக்கம்

நயினாதீவில் எங்கள் வீட்டுச் சுவரில் தொங்கியது ஒரேயொரு படம். வாப்பாவும் உம்மாவும் நிக்காஹ் முடிந்த கையோடு குறிகட்டுவானுக்கு வள்ளமேறி, யாழ்ப்பாணம் போய் எடுத்தது. அதன் பின்புறத்தில் ஸ்டூடியோக்காரர் பென்சிலால் ஓர் இலக்கம் எழுதியிருந்தார். "படம் பழுதாப் போனாலும் இந்த நம்பரச் சொன்னாப் புதுக் கொப்பி அடிச்சுத் தருவாங்க" என்பார் வாப்பா.

அன்றைய வழக்கம் அதுதான். கழுவிய பிலிம் ஸ்டூடியோவில் தங்கும். கொப்பி நம் கைக்கு வரும். 1972 இல் தேசிய அடையாள அட்டை வந்தபின், உருவப்படம் கூடுமா என்று தயங்கிய மூத்தம்மாமாரும் கமராவுக்கு முன் உட்கார வேண்டியதாயிற்று. தீவுப்பகுதி முஸ்லிம்கள் பலரின் முகங்கள் இப்படித்தான் பட்டணத்து இருட்டறைகளில் சேர்ந்தன.

பின்னர் நாங்கள் சோனகதெருவுக்குக் குடிவந்தோம். 1990 ஒக்டோபர் 30 இல் யாழ் நகர முஸ்லிம்களை வெளியேறச் சொன்ன விடுதலைப் புலிகள் கொடுத்த அவகாசம் இரண்டு மணித்தியாலம். படம் சுவரிலேயே நின்றுவிட்டது. இலக்கம் மட்டும் வாப்பாவின் மனதில் புத்தளம் வந்தது.

போர் முடிந்து மறுவருடம், 2010 இல், அந்த இலக்கத்தோடு இருவரும் யாழ்ப்பாணம் போனோம். ஸ்டூடியோவில் இருட்டறை இருந்த இடத்தில் கணினி இருந்தது. "டிஜிட்டலுக்கு மாறேக்க பழைய பிலிமெல்லாம் அப்புறப்படுத்திப் போட்டம், நானா" என்றார் அங்கிருந்த பொடியன். வாப்பா ஒன்றும் பேசவில்லை.

அந்தப் பொடியனைக் குறை சொல்லி என்ன பயன்? முதல் டிஜிட்டல் கமராவை 1975 இல் உருவாக்கிய ஸ்டீவன் சாசன், பிலிம் விற்றே வளர்ந்த கொடக் நிறுவனத்தின் பொறியியலாளர். அந்த கொடக்கே 2012 ஜனவரியில் வங்குரோத்துப் பாதுகாப்புக் கேட்டு நீதிமன்றம் போனது. சிறு ஸ்டூடியோ என்ன செய்யும்?

ஆனாலும் ஓர் உண்மையைச் சொல்ல வேண்டும். இடம்பெயர்ந்த சமூகத்துக்கு நெகட்டிவ் என்பது வெறும் பிலிம் துண்டல்ல. இந்த மண்ணில் வாழ்ந்தோம் என்பதற்கு மற்றவர் கையில் இருந்த சாட்சி அது. இன்று கைபேசியில் ஆயிரம் படம் எடுக்கிறோம். கைபேசி பழுதானால் எந்த இலக்கத்தைச் சொல்லி யாரிடம் கேட்பது?

அதே டிஜிட்டலில் மருந்தும் இருக்கிறது. 2005 முதல் ஈழத்து ஆவணங்களை எண்ணிமப்படுத்திவரும் நூலகம் போன்ற முயற்சிகள் நம் கண்முன் உள்ளன. புத்தளத்திலும் கொழும்பிலும் பெட்டிக்குள் கிடக்கும் பழைய படங்களை, நெகட்டிவ்களை வீசிவிடாதீர்கள். ஸ்கேன் செய்யுங்கள். ஆளின் பெயர், ஊர், ஆண்டு மூன்றையும் எழுதி வையுங்கள். அவற்றைச் சொல்லக்கூடிய மூத்தவர்கள் இன்னும் சிலர் நம்மோடு இருக்கிறார்கள்.