ஒயரைப் பிடித்துக்கொண்டே நடந்தவர்கள்

மைக் செட் கரகரத்தாலோ, திடீரென்று வாயை மூடிக்கொண்டாலோ, மைக் செட்காரர் முதலில் ஆம்பிளிஃபயரிலிருந்து கிளம்பும் ஒயரைப் பிடித்துக்கொண்டு நடப்பார். கம்பத்துக்குக் கம்பம், முடிச்சுக்கு முடிச்சு பார்த்துக்கொண்டே போவார். எங்கோ ஒட்டு விட்டிருக்கும், மாடு இழுத்திருக்கும், மழைத்தண்ணீர் இறங்கியிருக்கும். ஒயரில் பழுதில்லை என்றால் ஏணி போட்டு ஏறி, ஒலிபெருக்கிக் குழாயின் பின்னால் இருக்கும் யூனிட்டைக் கழற்றுவார். காயில் கருகியிருந்தால் மூடியைத் திறந்ததுமே வாடை காட்டிக்கொடுத்துவிடும். டயாபிரம் கிழிந்திருந்தால் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் தெரியும். புது டயாபிரத்தை வைத்து, நான்கு திருகை முடுக்கி, கீழே நிற்கும் பையனிடம் “பேசுடா” என்பார். “ஹலோ மைக் டெஸ்டிங்” என்ற குரல் தெருக்கோடி வரை கேட்டால்தான் இறங்குவார்.

திருவண்ணாமலை மாதிரி ஊருக்கு இந்தத் தொழில் இல்லாமல் முடியாது. மலையைச் சுற்றி 14 கிலோமீட்டர் பாதை. கார்த்திகைத் தீபத்துக்குப் பத்து நாள் திருவிழா. 2,668 அடி உயர மலையின் உச்சியில் மாலை 6 மணிக்கு ஏற்றும் தீபத்தை எல்லோரும் கண்ணால் பார்த்துவிடலாம். ஆனால் கூட்டத்தில் கைநழுவிய குழந்தை எங்கே நிற்கிறது என்பதைக் காதுக்குத்தான் சொல்ல முடியும். தாயின் பெயரையும் ஊரையும் சொல்லிக் கூப்பிடும் அந்த ஒலிபெருக்கி கரகரத்தால், தவிப்பது ஒரு குடும்பம்.

குழாய் பிறந்தது கடல் கடந்து. பீட்டர் ஜென்சன், எட்வின் பிரிதாம் என்ற இருவர் 1915 டிசம்பர் 24 அன்று சான்பிரான்சிஸ்கோவில், நகர மண்டபத்தின் முன் திரண்ட பெருங்கூட்டத்துக்குத் தங்கள் ஒலிபெருக்கியை ஒலிக்கச் செய்தார்கள். ஆனால் அதன் முழு அருமையையும் அறிந்தது தமிழ்நாட்டு மேடைதான் என்று துணிந்து சொல்லலாம். 1957 பொதுத்தேர்தலில் தி.மு.க. முதன்முதலாக நாடாளுமன்றத்துக்கு அனுப்பியவர்கள் இரண்டே பேர். ஒருவர் நாமக்கல்லில் வென்ற ஈ.வெ.கி. சம்பத், இன்னொருவர் திருவண்ணாமலையில் வென்ற இரா. தருமலிங்கம். செய்தித்தாள் படிக்கத் தெரியாதவரிடமும் அந்தக் காலத்து அரசியலைக் கொண்டுபோய்ச் சேர்த்தது மேடைப்பேச்சு. பேச்சைக் கடைசி வரிசை வரை சேர்த்தது குழாய்.

வீட்டுக்குள் இருந்த ஒலியின் சிக்கல் வேறு. சென்னை வானொலி நிலையம் 1938 ஜூன் 16 அன்று தொடங்கியது. அங்கிருந்து நூற்றைம்பது கிலோமீட்டருக்கும் அப்பால் இருக்கும் திருவண்ணாமலையில் மத்திய அலை பகலில் மெலிந்து வரும், இருட்டியதும் மேலே அயனி மண்டலத்தில் பட்டுத் திரும்பித் தெளிவாகக் கேட்கும். அதனால் வால்வு ரேடியோ வைத்திருந்தவர்கள் மொட்டைமாடியில் ஏரியல் கட்டினார்கள், கொல்லையில் எர்த் கம்பி புதைத்தார்கள். கோடையில் இரைச்சல் கூடினால் கம்பி புதைத்த இடத்தில் ஒரு குடம் தண்ணீர் ஊற்றுவார்கள். மண் ஈரமானால் எர்த் நன்றாகப் பிடிக்கும். கேட்பதற்கே லைசென்ஸ் தேவைப்பட்ட காலம் அது. ஆண்டுதோறும் தபால் ஆபீஸில் கட்டணம் கட்ட வேண்டும். 1980-களில்தான் அந்தக் கட்டாயம் போனது.

பிறகு குழாய்க்குக் கடிவாளம் வந்தது. மத்திய அரசின் 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகள், இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை பொது இடத்தில் ஒலிபெருக்கி கூடாது என்றன. 2005 ஜூலை 18 அன்று உச்ச நீதிமன்றம் அதை இன்னும் அழுத்தமாகச் சொன்னது. அதே ஆண்டு ஜனவரியில் இன்னொரு அறிவிப்பு வந்திருந்தது. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் குறைந்த திறனில் இயங்கும் கருவிகளுக்கு லைசென்ஸ் வேண்டாம் என்றது அது. ஊருக்கெல்லாம் கேட்ட ஒலியை அடக்கியதும், ஒருவர் காதுக்குள் மட்டும் ஒலிப்பதற்கு வழி விட்டதும் ஒரே ஆண்டில் நடந்தன. இந்தப் பொருத்தத்தை ஒலியின் வரலாற்றை எழுதுகிறவர்கள் கவனிக்க வேண்டும்.

இன்று கிரிவலப் பாதையில் ஒயரில்லாத இயர்பட்ஸில் தேவாரம் கேட்டபடி நடப்பவர்கள் ஏராளம். பௌர்ணமிக் கூட்டத்தில் பாட்டு விட்டுவிட்டு வருகிறது என்றால் பிடித்துக்கொண்டு நடக்க ஒயர் இல்லை. நடுவில் இருப்பது காற்றுவெளி, அதுவும் எல்லோருக்கும் பொது. ஸ்வீடனில் லுண்ட் நகரத்து எரிக்சன் ஆய்வகத்தில் 1994-ல் தொடங்கிய புளூடூத், பாட்டைத் துண்டு துண்டாக்கி, 79 தடங்களில் விநாடிக்கு 1,600 முறை தடம் மாறி மாறி அனுப்புகிறது. நெரிசலான தடத்தை விட்டு ஒதுங்கவும் 2003 முதல் அது கற்றுக்கொண்டது. ஆனால் பக்கத்தில் நடப்பவர்கள் எல்லோரிடமும் போன், கடைக்குக் கடை வைஃபை என்றால் ஒதுங்க இடம் ஏது? போதாக்குறைக்கு, இந்த அலையைத் தண்ணீர் விழுங்கிவிடும். மனித உடம்போ பாதிக்கு மேல் தண்ணீர். பின் பாக்கெட்டில் போன் இருந்தால் அலை முதலில் அதை வைத்திருப்பவரின் உடம்பையே தாண்டியாக வேண்டும். சட்டைப் பைக்கு மாற்றினாலே பல நேரம் சரியாகிவிடும். அன்று கொல்லையில் எர்த்துக்கு உதவிய தண்ணீர், இன்று காதுக்கு வரும் பாட்டை மறிக்கிறது.

இன்னொரு கோளாறு பலரைக் குழப்புகிறது. நன்றாகப் பாடிக்கொண்டிருந்தது திடீரென்று கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் ஒலிக்கும். பாட்டு மட்டும் வரும்போது முழுப் பாதையும் அதற்கே. ஏதாவது ஒரு செயலி மைக்கைத் திறந்துவிட்டால் போவதற்கும் வருவதற்கும் பாதையைப் பங்கு போட வேண்டும். விநாடிக்கு 44,100 மாதிரிகளாக இருந்த ஒலி 16,000-க்கோ, பழைய முறையில் 8,000-க்கோ இறங்கிவிடும். மைக்கைப் பிடித்து வைத்திருக்கும் செயலியை மூடினால் பாட்டு பழையபடி வரும்.

ஒரு பக்கம் மட்டும் சத்தம் குறைந்தால் காரணம் பெரும்பாலும் காதழுக்கு. தேரடி வீதிப் பக்கம் செல்போன் பழுது பார்க்கும் கடை ஒன்றில் நின்று பார்த்தால் தெரியும். கடைக்காரர் பட்ஸை விளக்கடியில் திருப்பி, வலையில் படிந்த மஞ்சள் படலத்தைக் காட்டுவார். வலை தரையைப் பார்க்கக் கவிழ்த்துப் பிடித்து, காய்ந்த மெல்லிய பிரஷ்ஷால் மேலோட்டமாகத் தேய்ப்பார். துகள் உள்ளே போகாமல் கீழே உதிர வேண்டும் என்பதற்காகத்தான் கவிழ்த்துப் பிடிப்பது. குண்டூசியைக் கிட்டவே கொண்டுபோக மாட்டார், குத்தினால் வலை போய்விடும்.

பழுது அதற்கும் உள்ளே இருந்தால் அவர் கையும் கட்டப்பட்டுவிடும். “ஒட்டி வச்சிருக்காங்கண்ணே, திறந்தா ஒடைஞ்சிடும்” என்று சொல்லித் திருப்பித் தந்துவிடுவார். பாட்டரி தேய்ந்தாலும் இதே பதில்தான். டயாபிரம் மாற்றி ஒரே குழாயைப் பல திருவிழாக்களுக்கு ஓட்டிய ஊரில், இரண்டே வருடத்தில் குப்பைக்குப் போகும் கருவியைப் பார்ப்பது வேதனைதான். பழுது பார்க்கும் உரிமைக்காக மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022 ஜூலையில் ஒரு குழு அமைத்தது. அதன் பார்வையில் செல்போனும் உண்டு, டிராக்டரும் உண்டு. இயர்பட்ஸின் மூடிக்கும் நான்கு திருகு கேட்க வேண்டிய இடம் அதுதான்.